வீட்டுத் தொழிலும் வரிக்கணக்கும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தருமபுரிக்குத் தகடூர் என்பது பழம்பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் அது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவ்வூரில் சக ஆண்டு 815, அதாவது பொது ஆண்டு 893-இல் பொறிக்கப்பட்ட கன்னடக் கல்வெட்டு ஒன்று உண்டு. நுளம்ப மன்னன் மகேந்திரன் ஆண்ட காலம். நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் வணிகர் குடிப் பிறந்தார் இருவர் தகடூரில் சமணப் பள்ளி ஒன்றை எடுப்பித்தனர். நிதியண்ணன் மூலப்பள்ளி என்னும் ஊரை மன்னனிடமிருந்து பெற்று, அப்பள்ளியின் பழுது நீக்கத்துக்கும் வழிபாட்டுக்கும் என்று கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் ஒப்படைத்தான் என்பது அக்கல்வெட்டுச் செய்தி. இந்த வருவாய் இந்தச் செலவுக்கு என்று பிரித்து, பிறர் காணுமாறு கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே தருமபுரி மாவட்டத்தில் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பிரிவினைதான் இல்லை. கடைக்கு வந்த பணமும் குடும்பப் பணமும் ஒரே அஞ்சறைப் பெட்டியில் கிடக்கின்றன. வருமான வரிச் சட்டம் வீட்டுத் தொழிலுக்குத் தரும் கழிவுகளைப் பேசப் புகுந்தால் பேச்சு இந்தப் பெட்டியில்தான் தொடங்கவேண்டியிருக்கிறது.

காரிமங்கலம் பக்கத்தில் மாங்காய் ஊறுகாய், பென்னாகரம் பக்கத்தில் சாமை, கேழ்வரகு மாவு வகைகள், அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் புளி தட்டிக் கொட்டை நீக்கித் தருதல், தருமபுரி நகரில் தையல், ஓவியப் பயிற்சி, தனிப்பயிற்சி, அண்மைக் காலத்தில் கணினி வழிப் பணி என வீட்டுத் தொழில்கள் பலவாறு பெருகியுள்ளன. இவற்றைச் செய்வோரிடம் இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. வீட்டில் செய்வது தொழிலே அன்று, ஆகவே வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது ஒன்று. தொழில் என்று ஆகிவிட்டால் வீட்டுச் செலவு முழுவதையும் அதில் எழுதிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. இரண்டாவது பிழை அபாயமானது.

இந்நாட்டில் வருமான வரியை 1860-இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். 1886, 1922, 1961 என்று சட்டங்கள் மாறிவந்தன. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் செயற்படுவது. அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டாக இருந்தது வரி ஆண்டு என்று ஒன்றாகியுள்ளது. கழிவுகளின் அடிப்படை பெரிதும் மாறவில்லை. ஊரில் உள்ள ஆடிட்டர்களும் கணக்கர்களும் இன்னும் சில ஆண்டுகளுக்குப் பழைய எண்களையே சொல்வார்களாதலின், இவ்வுரையிலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களே வருகின்றன.

அச்சட்டத்தின் 37-ஆம் பிரிவு தொழிற்செலவுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. செலவு முழுவதும் தொழிலுக்காகவே, தொழிலுக்காக மட்டுமே செய்யப்பட்டிருக்கவேண்டும். சொந்தச் செலவாகவோ முதலீட்டுச் செலவாகவோ இருத்தலாகாது. ‘இன்றியமையாத செலவு’ என்று சட்டம் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. சசூன் டேவிட் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. செய்யாமல் இருந்திருக்கலாமே என்று அதிகாரி கேட்க முடியாது. தொழிலுக்காகச் செய்ததா என்றுதான் கேட்கலாம். ஊறுகாய்ப் புட்டிக்கு நல்ல மேலொட்டு அச்சடித்தது வீண் என்று அதிகாரி கருதினாலும், அது தொழிலுக்கானதாயின் கழிவு கழிவே.

வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடந்தால் என்ன செய்வது? 38-ஆம் பிரிவு விடை சொல்கிறது. கட்டடத்தில் தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு ஏற்ப வாடகை, வரி, பழுதுபார்ப்பு, காப்பீடு ஆகியவற்றைக் கழிக்கலாம். ஆயிரத்து இருநூறு சதுர அடி வீட்டில் முந்நூறு சதுர அடி தொழிலுக்கெனில் கால் பங்கு. அமெரிக்காவில் சதுர அடிக்கு 5 டாலர், உச்சம் 300 சதுர அடி என்று எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மாதத்தில் எத்தனை மணி நேரம் வீட்டிலிருந்து உழைத்தார் என்பதைக் கொண்டு 10 பவுண்டு, 18 பவுண்டு, 26 பவுண்டு என்று மொத்தமாகக் கழிக்க இடமுண்டு. இந்தியச் சட்டத்தில் அத்தகைய மொத்தத் தொகை இல்லை. அளந்து, பங்கிட்டு, காட்டவேண்டும். ஆகவே, ஓர் எளிய வரைபடத்தை வீட்டார் தாமே வரைந்து, தொழில் நடக்கும் அறையின் நீள அகலங்களைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். பூசை அறைக்கு எதிரே உள்ள கூடத்தில் பகலில் தையல், இரவில் பிள்ளைகள் படுக்கை என்றால், அக்கூடத்தை முழுவதும் தொழிலுக்கு எழுதுவது நேர்மையாகாது. நேரத்தையும் கருதிப் பங்கைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

சொந்த வீடாயின் தனக்குத்தானே வாடகை கொடுத்ததாக எழுத முடியாது. பலர் செய்யும் தவறு இது. சொத்துவரியின் பங்கு, பழுதுபார்ப்பின் பங்கு, தேய்மானம் இவையே உண்டு. வீடு மாமியார் பெயரிலோ தாயார் பெயரிலோ இருந்து, அவர்க்கு உண்மையிலேயே வாடகை கொடுத்தால் அது செலவுதான். ஆனால் தொகை ஊர் வாடகைக்கு ஒத்ததாக இருக்கவேண்டும். உறவினர்க்கு மிகையாகக் கொடுத்ததை 40ஏ(2) பிரிவின்கீழ் அதிகாரி தள்ளிவிடலாம். வாங்கிய தாயார் அதனைத் தம் வருமானமாகக் காட்டவேண்டும்; அவர்க்கு அதில் 30 விழுக்காடு நிலைக்கழிவு உண்டு. பணத்தை வங்கி வழியாகக் கொடுப்பதே முறை. ‘அம்மாவுக்கு வாடகையா, ஊர் சிரிக்காதா’ என்று தயங்குவோர் உண்டு. வயது முதிர்ந்த தாயின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் ஒரு தொகை சேர்வதைப் பார்த்து எந்த ஊரும் சிரிக்கப்போவதில்லை.

தேய்மானம் பற்றிச் சற்றே விரித்துச் சொல்லவேண்டும். தையல் எந்திரம், அரைவை எந்திரம், புட்டிக்கு மூடியடைக்கும் பொறி போன்றவற்றை வாங்கிய ஆண்டிலேயே முழுவதும் செலவாக எழுதலாகாது, அவை முதலீடு. ஆண்டுதோறும் 15 விழுக்காடு தேய்மானம் கழிக்கலாம். மேசை, நாற்காலி, அலமாரிக்கு 10 விழுக்காடு. கணினிக்கு 40 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டும் எஞ்சிய மதிப்பின்மீதே இக்கணக்கு. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் முதலாண்டில் பாதிதான். அக்டோபர் முதல் வாரத்துக்குப் பின் வாங்கியவை பெரும்பாலும் இதில் அடங்கும். பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை ரொக்கம் கொடுத்து வாங்கினால் அத்தொகைக்குத் தேய்மானமே கிடையாது. முப்பதாயிரம் ரூபாய் எந்திரத்தை ரொக்கமாக வாங்கி, கடைக்காரர் கொடுத்த ஐந்நூறு ரூபாய் தள்ளுபடியில் மகிழ்ந்து, ஆண்டாண்டுக்கும் வரவேண்டிய கழிவை இழந்தவர் உண்டு.

வீட்டுக் கட்டடத்துக்கும் தேய்மானம் உண்டு, நிலத்துக்கு இல்லை. பரப்பில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமல் குடியிருப்பாக உள்ள கட்டடம் குடியிருப்பாகவே கொள்ளப்பெறும். அதற்கு 5 விழுக்காடு. இங்கே ஒரு முள் இருக்கிறது. தேய்மானம் கழித்த பகுதி, வீட்டைப் பின்னாளில் விற்கும்போது, எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் குறுகிய கால மூலதன ஆதாயமாகக் கணக்கிடப்படும். தேய்மானத்தை விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்னும் வசதியையும் சட்டம் 2001-க்குப் பின் தரவில்லை. பாட்டனார் கட்டிய வீட்டின் கால்பங்கைத் தொழிலுக்கு என்று எழுதும் முன்னர், அவ்வீடு விற்பனைக்கு வரக்கூடியதா என்று குடும்பத்தார் கூடிப் பேசிக்கொள்வது நன்று.

இனித் தருமபுரிக்கே உரிய ஒரு சிக்கல். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. அப்படியானால் சொந்தத் தோப்பு மாங்காயில் போட்ட ஊறுகாயின் வருமானம் விவசாய வருமானமா? ‘எங்கள் நிலத்தில் விளைந்தது, எனவே வரியில்லை’ என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர்.

இதற்கு விடை கூறும் தீர்ப்பொன்று பட்டுக்கூட்டிலிருந்து வந்தது என்பது வியப்பு. தருமபுரியில் அரசின் பட்டுக்கூடு ஏல அங்காடி நடப்பதைப் பலரும் பார்த்திருப்பர். பட்டுப்புழு வளர்ப்பு கொல்லாமை நோன்புடைய குடும்பங்கள் கைக்கொள்ளும் தொழில் அன்று. ஆயினும் அதன்மேல் எழுந்த வழக்கின் நியாயம் எல்லார்க்கும் பயன்படுவது. கே. லட்சுமணன் அண்ட் கோ. என்னும் நிறுவனம் தன் நிலத்தில் மல்பெரி பயிரிட்டு, அவ்விலையைப் புழுக்களுக்கு இட்டு, கூடுகளை விற்றது. அவ்வருமானம் விவசாய வருமானமே என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1990-களின் இறுதியில் அதனை ஏற்கவில்லை. நிலத்தில் விளைந்தது இலை, விற்றது கூடு, கூட்டை உண்டாக்கியது புழு. இலையைச் சந்தைக்கு ஏற்றதாக்க உழவர் வழக்கமாகச் செய்யும் செயல் எதுவோ, அதுவரைதான் விவசாயம். அதற்கு மேற்பட்டு வேறு பொருளாக மாறிவிட்டால் அது தொழில்.

இந்த அளவுகோலை மாங்காய்மேல் வைத்துப் பார்க்கலாம். பறித்து, தரம் பிரித்து, கூடையில் அடுக்கி விற்றால் விவசாயம். உப்பும் எண்ணெயும் மிளகாய்த் தூளும் சேர்த்துப் புட்டியில் அடைத்து விற்றால் தொழில். புளியை ஓடு நீக்கி விற்பதும், நெல்லை அவித்து அரிசியாக்கி விற்பதும், மாவாக்கி, கஞ்சிக்கலவையாக்கி விற்பதும் இவ்வாறே தனித்தனியாக எண்ணிப் பார்க்கத்தக்கவை.

தொழில் என்று ஆகிவிட்டால் விளைச்சலின் விலக்கு முழுவதும் போய்விடுமா என்றால், போகாது. வருமான வரி விதிகளின் 7-ஆம் விதி இங்கே துணை நிற்கிறது. சொந்த நிலத்தில் விளைந்ததை மூலப்பொருளாக்கினால், அவ்விளைச்சலின் சந்தை விலையைத் தொழிற் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். கழித்த அத்தொகை உழவருடைய விவசாய வருமானத்தின் பக்கம் சேரும். உரம், கூலி போன்ற சாகுபடிச் செலவை மறுபடியும் தொழிலில் எழுதக்கூடாது, அவ்வளவே. இவ்விதியை அறியாமையால் இழப்போர் பலர். தோப்புக்கு ஆன கூலியை மட்டும் எழுதிவிட்டு, மாங்காயின் விலையை எழுதாமல் விட்டுவிடுகின்றனர். பருவகாலத்தில் மண்டி விலைச் சீட்டு ஒன்றிரண்டைப் பத்திரப்படுத்தினால் சந்தை விலைக்குச் சான்று கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டால் இவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கலாம். இது கணக்குக்காகக் கற்பித்துக்கொண்டது. ஓர் அம்மையார். தாய்வீட்டார் அவர் பெயருக்கு எழுதிவைத்த ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு அவர்க்கு உண்டு. மாமியாருக்குச் சொந்தமான வீட்டின் பின்கட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறார். ஆண்டு விற்பனை 9 இலட்சம் ரூபாய்; அதில் 6 இலட்சம் யு.பி.ஐ., வங்கி வழியாகவும் 3 இலட்சம் ரொக்கமாகவும் வந்தது. சொந்தத் தோப்பு மாங்காய் 2,000 கிலோ, கிலோ 25 ரூபாய் விலையில் 50,000. வெளியில் வாங்கிய மாங்காயும் எலுமிச்சையும் 1,60,000. எண்ணெய், மிளகாய், உப்பு முதலியன 2,10,000. புட்டி, மேலொட்டு, பார்சல் 1,10,000. உதவிக்கு வரும் பெண்கள் இருவருக்கு மாதம் ஆறாயிரம் வீதம் 1,44,000. மாமியாருக்கு வாடகை மாதம் 4,000 வீதம் 48,000. மின்சாரமும் எரிவாயுவும் 42,000. கைபேசி, இணையம் தொழிற்பங்கு 6,000. அறுபதாயிரம் ரூபாய்ப் பொறிகளுக்குத் தேய்மானம் 9,000. கணக்கர் கட்டணமும் உரிமப் பதிவும் 8,000. ஆகச் செலவு 7,87,000. இலாபம் 1,13,000.

இத்தொகைக்கு வரி இல்லை. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 4 இலட்சம் வரை வரியே கிடையாது. மொத்த வருமானம் 12 இலட்சத்துக்கு மேற்படாத வரை தள்ளுபடியால் வரி நீங்கிவிடும். பிறகு எதற்கு இத்தனை பாடு என்று அம்மையாரின் கணவர் கேட்கக்கூடும். அந்த வீட்டில் நடந்துவருவது வேறு. விற்பனைப் பணம் கணவரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கணவரின் பான் எண்ணே எல்லா இடத்திலும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் சம்பளத்தோடு இதுவும் கலந்துவிடுகிறது. அம்மையார் ஒரு நாள் பழச்சாறு பிழியும் எந்திரம் வாங்க வங்கிக்குக் கடன் கேட்டுப் போகிறார். மேலாளர் மூன்று ஆண்டு வருமான வரிப் படிவம் கேட்கிறார். எட்டு ஆண்டுகளாக அடுப்படியில் நின்றவர் பெயரில் ஒரு தாளும் இல்லை. தாளில் அவர் வருமானம் இல்லாத இல்லத்தரசி. கணவரின் வருமானமோ அதிகமாகி, தேவையற்ற வரி கட்டும் நிலைக்குப் போயிருக்கிறது. கழிவுகளை ஒழுங்காக எழுதி, தம் பெயரில் படிவம் தாக்கல் செய்திருந்தால் வரி ஒரு காசும் இல்லை. கடனுக்குச் சான்று உண்டு. அரசின் உத்யம் பதிவு கட்டணமில்லாதது. அதனையும் தம் பெயரிலேயே செய்துகொள்ளலாம். தோப்பைக் கணவர் இனாமாக எழுதிக்கொடுத்திருந்தால் வருமானத்தைக் கணவரோடு சேர்க்கும் 64-ஆம் பிரிவு குறுக்கிடும். தாய்வீட்டுச் சொத்தாதலின் அச்சிக்கல் இல்லை.

இதே அம்மையார் கணக்கு எழுதாமலும் தாக்கல் செய்ய வழியுண்டு. 44ஏடி பிரிவு, ஆண்டு விற்பனை 2 கோடி வரை, ரொக்க வரவு ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கினால் 3 கோடி வரை உள்ள சிறுதொழிலுக்கு உத்தேச வருமானக் கணக்கை ஏற்கிறது. வங்கி வழி வந்ததில் 6 விழுக்காடு, ரொக்கத்தில் 8 விழுக்காடு. அவர்க்கு 36,000-உம் 24,000-உம் சேர்ந்து 60,000. எந்தச் செலவையும் தனியே கேட்க முடியாது. பலரும் இத்தோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் 6, 8 என்பன கீழெல்லை. உண்மையில் அதிகம் ஈட்டியிருந்தால் அதிகத்தையே காட்டலாம், காட்டவும் வேண்டும். கடனுக்கு 60,000 ரூபாய் வருமானத்தைக் காட்டுவதற்கும் 1,13,000 காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. மேலும், இம்முறையில் நுழைந்தவர் ஐந்து ஆண்டுக்குள் இடையில் விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர இயலாது. கமிஷன், தரகு, முகவர் தொழிலுக்கு 44ஏடி இல்லவே இல்லை. ஆயுள் காப்பீட்டு முகவராக வீட்டிலிருந்து பணிபுரிவோர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். புதிய சட்டத்தில் 44ஏடி, 44ஏடிஏ, 44ஏஈ மூன்றும் 58-ஆம் பிரிவாக ஒன்றுபட்டுள்ளன.

வரி உண்மையிலேயே வந்து நிற்கும் இடம் வேறு. பெங்களூரில் வேலை பார்த்து, தொற்றுக்காலத்தில் ஊர் திரும்பி, தருமபுரியிலேயே மாடியறையில் அமர்ந்து மென்பொருள் எழுதும் இளைஞர்கள் சிலர் இம்மாவட்டத்தில் உள்ளனர். தகவல் தொழில்நுட்பம் 44ஏடிஏ பிரிவில் வரும் தொழில்வல்லமைப் பணி. அங்கே வரவில் பாதி வருமானம் என்று கொள்வர். வரவு 26 இலட்சம் எனில் வருமானம் 13 இலட்சம்; புதிய முறையில் வரி 75,000, அதன்மேல் 4 விழுக்காடு செஸ் சேர்ந்து 78,000. அதே இளைஞர் இரு உதவியாளர்க்குச் சம்பளம், கணினித் தேய்மானம், மென்பொருள் உரிமம், அறை வாடகைப் பங்கு என்று மெய்யாகவே பதினான்கரை இலட்சம் செலவு செய்திருந்தால் வருமானம் பதினொன்றரை இலட்சம், வரி இல்லை. ஆனால் பாதிக்குக் குறைவாகக் காட்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். தணிக்கைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே எது இலாபம் என்று முடிவு செய்யவேண்டும்.

புதிய வரி முறையில் கழிவுகளே இல்லை என்னும் வதந்தியை இங்கே மறுத்தல் வேண்டும். அங்கே பெரும்பாலும் நீங்கியவை 80சி போன்ற சேமிப்புக் கழிவுகள், 80ஜி நன்கொடைக் கழிவு முதலியன. வாடகை, கூலி, தேய்மானம், மூலப்பொருள் என்னும் தொழிற்செலவுகள் எந்த முறையிலும் உண்டு. காப்பீட்டுப் பிரீமியம் வேறு, கடைக்கு வாங்கிய எண்ணெய் வேறு.

ரொக்கம் பற்றி ஒரு சொல். ஒரே நாளில் ஒருவர்க்குப் பதினாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு தள்ளப்படும். ஆயினும் 6டிடி விதியின்படி உழவரிடமே நேராக வாங்கிய விளைபொருளுக்கு இத்தடை இல்லை. பாலக்கோட்டில் தோட்டக்காரரிடமே தக்காளி வாங்கி ரொக்கம் கொடுத்தால் குற்றமில்லை. மண்டி வணிகரிடம் வாங்கினால் தடை உண்டு. வாங்கியபோது உழவரின் பெயர், ஊர், எடை, விலை எழுதி அவர் கையொப்பம் பெற்ற துண்டுச் சீட்டு ஒன்று போதும்.

வேறு நிறுவனத்துக்குத் தைத்துக் கொடுப்போர்க்கு அந்நிறுவனம் ஒரு விழுக்காடு வரி பிடித்திருக்கலாம். 4 இலட்சத்துக்கு 4,000 ரூபாய். படிவம் தாக்கல் செய்யாவிட்டால் அது திரும்பாது. நான்காயிரம் சிறிது என்று கருதுவோர், அது எத்தனை இரவிக்கைக்கான தையற்கூலி என்று எண்ணிப் பார்க்கட்டும்.

கழிக்கக்கூடாதவற்றையும் சொல்லிவிடவேண்டும். தொழில் நடத்துபவர் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்ட பணம் சம்பளம் ஆகாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மொய், கோயில் நன்கொடை, தீர்த்த யாத்திரை எதுவும் தொழிற்செலவன்று. இரு சக்கர வண்டி சரக்குக்கும் ஓடுகிறது, சம்பந்தி வீட்டுக்கும் ஓடுகிறது என்றால் பங்கு பிரித்தே எழுதவேண்டும். இம்மலரிலேயே சில வீட்டுத் தொழில்களின் விளம்பரங்கள் வந்திருக்கின்றன. தொழிலின் பெயரும் பொருளும் முகவரியும் விளங்க வெளியிட்ட விளம்பரத்துக்குக் கொடுத்த தொகை விளம்பரச் செலவாகக் கழிக்கத்தக்கதே. அரசியல் கட்சி மலரில் வெளியிடும் விளம்பரத்தைத்தான் 37(2பி) பிரிவு தடுக்கிறது. குடும்பத்தார் பெயரை மட்டும் போட்டு ‘விழா சிறக்க வாழ்த்துகள்’ என்று வெளியிட்டால் அதை விளம்பரம் என்று நிறுவுவது கடினம். அடுத்த ஆண்டு விளம்பரம் தருவோர் ஊறுகாயின் பெயரையும் சேர்த்தே தரலாம்.

மின்கட்டணத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது எந்த அளவுக்கு ஏற்கப்படும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். வருமான வரிக் கணக்கில் ‘தொழில் மின்சாரம்’ என்று எழுதிவிட்டு மின்வாரியத்திடம் ‘வீட்டுப் பயன்பாடு மட்டும்’ என்று சொல்லிக்கொண்டிருப்பது இரண்டு நாக்கில் பேசுவதாகும். பொருள் விற்போர்க்கு ஆண்டுக்கு 40 இலட்சம், சேவை தருவோர்க்கு 20 இலட்சம் என்னும் ஜி.எஸ்.டி. எல்லைக்கு உட்பட்டிருந்தாலும், வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் நிலை மாறும். ஒசூர் தாண்டிப் பெங்களூருக்குப் பார்சல் போடும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நலம்.

கணக்கு எழுதுவது பெரிய வித்தையன்று. நாற்பது பக்க நோட்டு ஒன்று, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று, ரசீதுகளுக்கு ஓர் அட்டைப் பெட்டி. கடைகளில் இப்போது தரும் வழவழப்பான ரசீதில் எழுத்து ஓராண்டில் மறைந்துவிடுகிறது. வாங்கிய அன்றே படியெடுத்தோ கைபேசியில் படம் பிடித்தோ வைக்கவேண்டும். எட்டு ஆண்டுகளேனும் இவற்றைக் காத்தல் நன்று. எண்ணெய்க் கறை படிந்த சீட்டானாலும் தேதியும் தொகையும் தெரிந்தால் அது சான்றுதான்.

அறக்கட்டளை அலுவலகத்தில் விழா முடிந்ததும் அறையளவு, வங்கி வரவு, ரசீது மூன்றையும் கொண்டுவருவோர்க்கு முதல் கணக்கை எழுதிக் காட்ட ஏற்பாடாகியுள்ளது. அம்மையார் தம் பான் அட்டையை மறவாமல் கொண்டுவரவேண்டும்; கணவருடைய அட்டை தேவையில்லை.